வீட்டில் இரண்டு ‘அவர்’

மாமியாரை ஊருக்கு அனுப்பிவைப்பது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினேன். இடம், குளியலறை. கூட்டத்தில் கலந்துகொண்டது நான் மட்டும்தான். எதிர்த்து ஓட்டுப் போடக் கண்ணாடிக்குள் ஒருவர் இருந்தார். அவரும் வாயைத் திறக்கவில்லை, பிரஷ் வைத்திருந்தார்.

தவறாக நினைக்காதீர்கள். என் மாமியார் நல்லவர். என் சந்தேகமே அதுதான். ஒருவர் இவ்வளவு நல்லவராகக் காரணமில்லாமல் இருக்க முடியாது.

சந்தேகப்படுவது என் குணமல்ல, தொழில். ஒரு பெரிய கடையின் வாசலில் நின்று, வெளியே போகிறவர்களின் பையையும் பில்லையும் ஒத்துப் பார்க்கிற வேலை எனக்கு. சிரித்துக்கொண்டே வருகிறவரை முதலில் நிறுத்து என்பது மேனேஜர் சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு நாள் ஓர் அம்மாள் மடக்கிய குடையோடு சிரித்துக்கொண்டே வந்தார். குடைக்குப் பில் இருந்தது. விரித்துப் பார்த்தால் உள்ளே இன்னொரு சின்னக் குடை. அதற்குப் பில் இல்லை. அன்று முதல் எதைப் பார்த்தாலும் அதற்குள் இன்னொன்று இருக்கும் என்றே தோன்றுகிறது. கடையில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் இலவசமாகச் செய்கிறேன்.

பிரசவ வார்டில் நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டியபோது எல்லாரையும் போல எனக்கும் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடேயே துணியை விலக்கி, குழந்தையின் கையில் கட்டியிருந்த பட்டையைப் படித்தேன். பிறகு கட்டிலில் படுத்திருந்த மனைவியின் கைப்பட்டையைப் படித்தேன். இரண்டும் ஒத்துப்போயின.

“என்ன சார், சரியா இருக்கா?” என்றார் நர்ஸ்.

“சரிதான். மூக்கு மட்டும் யாருதுன்னு தெரியல.”

“உங்களுதுதான் சார்.”

“எப்படிச் சொல்றீங்க?”

“பிறந்ததுலேர்ந்து எதையோ மோப்பம் பிடிக்கிற மாதிரியே இருக்கு.”

மனைவி கண்ணைத் திறக்காமலே பேசினாள். “ஏங்க, வீட்டுக்குப் போனதும் குளிப்பாட்டறது, துணி மாத்தறது எல்லாம் நீங்களும் கொஞ்சம் கத்துக்கங்க. என்னால தனியா முடியாது.”

“எனக்கென்ன, செய்வேன். ஆனா என் கை முரட்டுக் கை. குழந்தைக்கு வலிக்கும்” என்றேன். நியாயமாகத்தான் சொன்னேன்.

அவள் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள். பில் போடும் காகிதத்தைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாத கை. ஒன்றும் சொல்லாமல் மறுபடி மூடிக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஏதோ சொல்லப்போகிறாள் என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு இது உறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாமியார் வந்து இறங்கினார். ஒரு பெட்டி, ஒரு பை. அவற்றுக்குப் பின்னால் ஆட்டோக்காரர் மூச்சு வாங்கக் கொண்டுவந்து வைத்தது, ஒரு தையல் மெஷின்.

மாமியாருக்குத் தன் ஊரில் தையல் கடை இருக்கிறது. நல்ல வியாபாரம். வாடிக்கையாளர்கள் வாசலில் காத்திருப்பார்கள். அப்படிப்பட்டவர் கடையைப் பூட்டிவிட்டு மெஷினோடு வருகிறார் என்றால் என்ன அர்த்தம்? குழந்தையைப் பார்க்க வருகிறவர் கிலுகிலுப்பை கொண்டுவருவார். மெஷின் கொண்டுவருகிறவர் குடிவருகிறவர்.

“இது எதுக்கு அத்தை?”

“சும்மா இருந்தா கை அரிக்கும் மாப்பிள்ளை.”

“எவ்வளவு நாள் சும்மா இருக்கிறதா உத்தேசம்?”

“ஏங்க” என்றாள் மனைவி. அவள் சொல்லும் ‘ஏங்க’வில் பல ரகம் உண்டு. இது வாயை மூடு ரகம்.

ஜன்னலோரம் என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் மெஷின் உட்கார்ந்தது. நாற்காலி வராந்தாவுக்குப் போனது. நாற்காலியோடு நானும் போனேன். அன்று மாலை மாமியார் கழுத்தில் டேப்பை மாட்டிக்கொண்டு ஜன்னல் திரைகளுக்கு அளவெடுத்தார். எடுத்த சூட்டோடு வராந்தாவுக்கும் வந்தார்.

“கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க மாப்பிள்ளை.” மார்பு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால்வரை அளந்தார்.

“சட்டைக்கு எதுக்கு அத்தை முழங்கால்?”

“அளவு எடுத்து வச்சா எதுக்காவது ஆகும்.”

தைக்கிறவர் அவர். ஆனால் தைத்தது எனக்கு. திரைக்கு அளவெடுக்கிறவர் தங்கப்போகிறவர் என்பது குழந்தைக்குக்கூடப் புரியும். எனக்கு ஏன் அளவெடுத்தார் என்பதுதான் பிடிபடவில்லை.

எதிர் வீட்டில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். எந்நேரமும் வெள்ளைக் கோட்டுதான். அதன் பாக்கெட் ஒன்று பிய்ந்து தொங்கும். தொழில் பழக்கத்தால் கேள்வி மட்டும் கேட்பார், பதில் வரும் என்று எதிர்பார்க்கமாட்டார். படிக்கட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மாமியார் வந்தாச்சா?”

“வந்...”

“எத்தனை பெட்டி?”

“பெட்டி ஒண்ணுதான் டாக்டர். கூடவே தையல் மெஷின்.”

டாக்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். “வெறும் பெட்டின்னா ஆடற பல்லு சார். லேசா தட்டினா வந்துடும். மெஷின்னா வேர் விட்டாச்சு.”

“வேரோட எடுக்க முடியாதா?”

“எடுக்கலாம். வலிக்கும்.”

“யாருக்கு?”

“எடுக்கிறவனுக்கு.”

அதற்குப் பிறகுதான் மேற்படி குளியலறைத் தீர்மானம்.

தீர்மானத்தைச் செயல்படுத்துமுன் ஒரு விபத்து நடந்தது. கடையிலிருந்து திரும்பி வாசற்கதவில் கை வைத்தேன். உள்ளே அம்மாவும் மகளும் பேசிக்கொண்டிருந்தார்கள். என் கை அப்படியே நின்றது. என் காது நிற்கவில்லை.

“அவருக்கு இப்ப என்னடி கோபம்?” இது மாமியார்.

“சும்மாவே கத்துறாரும்மா. பசிச்சாக் கத்தல், தூக்கம் வந்தாக் கத்தல். வேற என்ன தெரியும் அவருக்கு?”

“தலையைப் பாரு. முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம். நடுவுல ஒண்ணுமே இல்ல.”

“வயிறு மட்டும் எப்படி உப்பியிருக்கு பாருங்க.”

“குப்புறப் போட்டு முதுகுல நாலு தட்டுத் தட்டு. வழிக்கு வந்துடுவாரு.”

தலையைத் தடவிப் பார்த்தேன். பொருந்தியது. வயிற்றைத் தடவிப் பார்த்தேன். அதுவும் பொருந்தியது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தேன்.

“தட்டுங்க. எவ்வளவு தைரியம் இருந்தா தட்டுவீங்கன்னு நானும் பார்க்கிறேன்” என்று முதுகைக் காட்டினேன்.

மாமியார் மடியில் குழந்தை குப்புறக் கிடந்தது. மனைவி முதுகில் மெதுவாகத் தட்டினாள். குழந்தை ஓர் ஏப்பம் விட்டது. நான் இன்னும் முதுகைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

“அவரைச் சொன்னோம் மாப்பிள்ளை” என்றார் மாமியார் கடைசியில்.

ஓ, அப்படியா சங்கதி. கல்யாணமான நாள் முதல் இந்த வீட்டில் ‘அவர்’ என்றால் நான். அவள் என் பெயரைச் சொல்லமாட்டாள். அதனால் அந்த ஒரு சொல்தான் எனக்குப் பெயர், பட்டம், விலாசம் எல்லாம். அதை நேற்றுப் பிறந்த பொடியனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்.

“அவர்னா இவன்னா, என்னைப் பத்தி எப்படிப் பேசிப்பீங்க?”

“உங்களைப் பத்திப் பேச என்னங்க இருக்கு?” என்றாள் மனைவி.

வாசலில் நின்று ஒட்டுக்கேட்பது ஆபத்து என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தொழில் தெரிந்தவன் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். எங்கள் கடையில் பேபி மானிட்டர் என்று ஒரு ஜோடிப் பெட்டி விற்கிறோம். ஒன்றைத் தொட்டில் பக்கத்தில் வைத்தால், குழந்தை அழுவது மற்றொன்றில் கேட்கும். குழந்தை அழுவது மட்டுமா கேட்கும்? தொட்டிலைச் சுற்றி நடக்கிற சதியெல்லாம் கேட்கும். ஒரு ஜோடி வாங்கினேன். பில்லோடுதான்.

“பரவாயில்லையே, குழந்தைமேல எவ்வளவு அக்கறை” என்று மனைவி சிரித்தாள். சிரித்தவளை நிறுத்திச் சோதித்திருக்க வேண்டும். பாராட்டில் மயங்கிவிட்டேன்.

அன்று முதல் வராந்தாவில் சாய்வு நாற்காலி, என் காதில் பெட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. தெளிவாகக் கேட்கட்டும் என்று அதை நன்றாக அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். அமுக்கியிருக்கும்வரை ஒரு சத்தமும் வராது. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் ஏதாவது பேச்சு வரும். மட்டமான சாமான், அழுத்தினால் அடைத்துக்கொள்கிறது என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டேன்.

ஒரு மாலை அந்தச் சதி வெளிவந்தது.

“எப்பம்மா ஊருக்குக் கிளம்பறதா இருக்கீங்க?”

மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“எப்படிடி கிளம்பறது? அவருக்குக் கொஞ்சமாவது விவரம் தெரியணும்ல? அதுவரைக்கும் நான் எங்கே போறது?”

“அவருக்கு விவரம் தெரிய நாளாகும்மா.”

“சில பேருக்கு வருஷக்கணக்கா ஆகும். உங்க அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் வரல.”

“அவர் தன் வேலையத் தானே பார்த்துக்கிட்டாலே போதும்.”

“அதுவரைக்கும் நான் இங்கதான். அவர் ஒவ்வொண்ணா கத்துக்கட்டும், மெதுவா.”

பெட்டி கையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. ‘அவர்’ என்றால் யார் என்பதில் எனக்கு இனிக் குழப்பமே இல்லை. அந்த அவருக்கு இன்னும் கழுத்தே நிற்கவில்லை. அவர் விவரம் தெரிந்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடம் போய்த் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவரைக்கும் மாமியார் இங்கே. என் நாற்காலி வராந்தாவில். அதற்குள் எனக்கே மேல்பல், கீழ்ப்பல் எல்லாம் விழுந்துவிடும்.

பல் என்றதும் டாக்டர் நினைவு வந்தது. ஓடினேன். வாசலிலேயே கோட்டோடு நின்றார். பிய்ந்த பாக்கெட் பளிச்சென்று தைக்கப்பட்டிருந்தது. தையல் தெரியவே இல்லை, அவ்வளவு நேர்த்தி. பார்த்தேன். கவனிக்கவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று எங்கள் மேனேஜர் அடிக்கடி சொல்வார்.

“டாக்டர், வருஷக்கணக்கா இருக்கப் போறாங்க.”

“வாயைத் திறங்க. சே, சொல்லுங்க.”

சொன்னேன். டாக்டர் தாடையைத் தடவினார்.

“ஒரு இடத்துல ஆள் எதுக்கு இருக்காங்க?”

“எதுக்...”

“வேலை இருக்கிறதால. வேலை இல்லேன்னா?”

“போய்டு...”

“அவ்வளவுதான். அவங்க செய்யற வேலையெல்லாம் நீங்க பிடுங்கிக்கங்க. சும்மா உட்கார வச்சிடுங்க. கை அரிக்கும். தானாக் கிளம்பிடுவாங்க.”

என்ன மூளை. பல் டாக்டருக்குப் பிடுங்குவதில்தானே திறமை.

மறுநாளே கடையில் லீவு போட்டேன். மாமியார் குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தார். குறுக்கே புகுந்தேன்.

“நகருங்க அத்தை. நான் பார்த்துக்கிறேன்.”

“ஐயையோ, உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை? கழுத்துக்குக் கீழ முழங்கையை இப்படிக் குடுக்கணும், காதுல தண்ணி போகாம இந்தக் கையால மறைக்கணும். அதெல்லாம் உங்களால முடியாது.”

“முடியும்.” முழங்கையைக் கொடுத்தேன். காதை மறைத்தேன்.

“சொன்னாக் கேளுங்க. தலையில கடைசியாத்தான் ஊத்தணும், ஊத்தினதும் உடனே துவட்டணும். இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்.”

கடைசியாக ஊற்றினேன். உடனே துவட்டினேன். மாமியார் தோற்றுப்போய் ஒதுங்கி நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. வெற்றி என்றால் இரக்கம் காட்டக்கூடாது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன்.

இப்படியே ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்தேன். துணி மாற்றுவது, பாட்டிலை வெந்நீரில் கொதிக்க வைப்பது, தோளில் போட்டு ஏப்பம் வரவழைப்பது, நனைந்த துணிகளை அலசிக் காயப்போட்டு மடிப்பது. ஒவ்வொன்றிலும் இரண்டு பேரும் கடுமையாக எதிர்த்தார்கள். எதிர்க்கும்போது வாய் தவறி எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் உளறிவிடுவார்கள். அசட்டுப் பெண்கள். நான் அதைப் பிடித்துக்கொள்வேன். என் முரட்டுக் கை எப்போது மெத்தென்று ஆனது என்று எனக்கே தெரியாது.

நடுவில் ஒரு சம்பவம். குழந்தையைத் தோளில் போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருந்தேன். ஏப்பம் வந்தது. வழக்கமாக அதோடு வேலை முடிந்து தொட்டிலில் போட்டுவிடுவேன். அன்றைக்கு அவன் என் சட்டைக் காலரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கிவிட்டான். காலரை விடுவிக்கப் பார்த்தேன். விடவில்லை. யாராவது என் காலரைப் பிடித்தால் அது கடை வாசலில்தான் இருக்கும், அதுவும் சண்டைக்குத்தான் இருக்கும். இது அப்படி இல்லை. இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று நன்றாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. வெகுநேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

சீக்கிரமே மாமியாருக்கு வேலை அறவே இல்லாமல் போயிற்று. பொழுதெல்லாம் மெஷினில் ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போனால் துணியை மடியில் மறைத்துக்கொள்வார். மனைவிக்கும் வேலை இல்லை. பால் கொடுப்பாள், தூங்குவாள். நாளுக்கு நாள் முகம் தெளிந்து, பழைய குறும்புகூடத் திரும்பியது. நான் மட்டும் இளைத்தேன். போரில் சேதாரம் சகஜம்.

பிறகு அந்தப் பொன்னான காலை வந்தது.

“நான் கிளம்பறேன் மாப்பிள்ளை. எல்லாம் நீங்களே பார்த்துக்கிறீங்க. இனிமே எனக்கு இங்க என்ன வேலை?”

“அப்படிச் சொல்லாதீங்க அத்தை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாமே” என்று சொல்லிக்கொண்டே தையல் மெஷினைத் தூக்கிவிட்டேன். நானே சுமந்து, நானே ஆட்டோவில் ஏற்றினேன். பூப் போல இருந்தது.

ஏறி உட்கார்ந்ததும் ஒரு பொட்டலத்தை நீட்டினார். “உங்களுக்காகத் தச்சேன். வந்த அன்னிக்கே வெட்டிட்டேன். முடிக்கத்தான் நாளாச்சு.”

ஆட்டோ தெருமுனை திரும்பியது. என் நாற்காலியை வராந்தாவிலிருந்து தூக்கி வந்து ஜன்னலோரம் போட்டு, சாய்ந்து, பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே ஓர் ஏப்ரன். மார்பு முதல் முழங்கால்வரை. பால் பாட்டிலுக்கு ஒரு பை, துடைக்கிற துணிக்கு ஒரு பை, கிலுகிலுப்பைக்குக்கூட ஒரு பை. கட்டிப் பார்த்தேன். துளி கூடுதல் குறைவு இல்லாமல் பொருந்தியது.

வந்த அன்றைக்கே வெட்டியது.

எழுந்து உள்ளே போனேன். மனைவி கட்டிலில் கையைக் காலை நீட்டிப் படுத்திருந்தாள்.

“அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் பேசினப்ப, அவருக்கு விவரம் தெரியறவரைக்கும்னு சொன்னது...”

“எப்பங்க? நாங்க பேசினது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

ஏப்ரன் பையைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன். அவள் தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தாள்.

“அந்தப் பொத்தானைக் கேட்கறதுக்கு அமுக்கக்கூடாதுங்க. அது பேசறதுக்கு. முதல் நாள்லேர்ந்து நீங்க இருமினது, எங்களைத் திட்டினது, கம்பெனியைத் திட்டினது எல்லாம் இங்க தொட்டில் பக்கத்துல கேட்டுது. நீங்க எப்ப கையை எடுக்கறீங்கன்னு பார்த்துப் பார்த்துப் பேசறதுக்குள்ள அம்மா பட்ட பாடு இருக்கே.”

“நேரா சொல்லியிருக்கலாமே.”

“ஆஸ்பத்திரியிலேயே நேராத்தான் சொன்னேன். முரட்டுக் கைன்னீங்க. உங்களுக்கு எதைச் சொன்னாலும் அதுக்குள்ள வேற ஒண்ணு இருக்கணும். அதான் உள்ள வச்சுச் சொன்னோம். அம்மாவுக்குக் கடையைத் திறக்கணும். எனக்குக் கொஞ்சம் தூங்கணும்ங்க.” கடைசி வார்த்தையைச் சொல்லும்போதே பாதி தூங்கிவிட்டாள். உண்மையான களைப்பு. அதில் எந்தக் குடையும் இல்லை. எனக்கு என்மேலேயே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆனாலும் ஒருவரை விட முடியாது. மானிட்டர் பெட்டியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு நேராக எதிர் வீட்டுக்குப் போனேன்.

“டாக்டர், அந்த யோசனை உங்களுதா?”

“சொன்னது நான்தான். சொல்லச் சொன்னது உங்க வீட்ல.” தைத்த பாக்கெட்டை அன்போடு தடவினார். “அருமையான கைவேலை சார்.”

“ஒரு பாக்கெட்டுக்காக என்னை வித்துட்டீங்களே.”

“கோவிச்சுக்காதீங்க.” கதவுக்குப் பின்னாலிருந்து எதையோ எடுத்துக் காட்டினார். வெளுத்துப்போன பழைய ஏப்ரன். அதிலும் பாட்டிலுக்கு ஒரு பை. “என் மாமியார் தச்சது. என் பையன் காலேஜ் போயிட்டான். இது இன்னும் கிழியல.”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் பையில் இருந்த பெட்டி கரகரத்தது. பொத்தான் எதற்கு என்றும், நான் எங்கே போயிருப்பேன் என்றும் தெரிந்த ஒருத்தியின் தூக்கக் கலக்கமான குரல் வந்தது.

“டாக்டர், அவர் முழிச்சுட்டாரு. அவரை வரச் சொல்லுங்க.”

டாக்டர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இதுல நீங்க எந்த அவர் சார்?”

ஏப்ரன் முடிச்சை இறுக்கிக்கொண்டே எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

“ரெண்டாவது.”